மயிலாப்பூரில் மார்கழி: இரண்டு கால், இரண்டு காது, ஒரு சால்வை

சென்னையின் டிசம்பர் கர்நாடக இசை சீசனுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பெரிய பெயர்களாகப் பார்த்துப் பட்டியல் போட்டுக்கொண்டு, மதியம் தி. நகர், நாலு மணிக்கு மயிலாப்பூர், ஆறரைக்கு மியூசிக் அகாடமி என்று ஆட்டோவில் ஓடுகிறார்கள். மூன்று கச்சேரியிலும் பாதி போய்விடும். நாலாம் நாள் தொண்டைக்கட்டு, வீட்டில் மிளகு ரசம்.

பெயரை வைத்துத் திட்டமிடாதீர்கள். நடக்கும் தூரத்தையும் நேரத்தையும் வைத்துத் திட்டமிடுங்கள். பெரிய வித்வான்கள் ஒரு சீசனில் ஒரே சபாவில், அதாவது கச்சேரி நடத்தும் ஒரே அமைப்பில், மட்டும் பாடுவதில்லை. பல மேடைகளில் பாடுகிறார்கள். அகாடமியில் தவறவிட்டவரை அடுத்த வாரமே கிழக்கு மாட வீதியில் இன்னும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். மாதக் கடைசிக்குள் பலர் தொண்டை களைத்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். குரல் புதிதாக இருக்கும்போது கேட்க வேண்டுமானால் டிசம்பர் முதல் பாதிதான் சரி. அப்போது கூட்டமும் குறைவு.

நாட்கணக்கு

மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். சீசன் அதற்கு முன்பே, நவம்பர் கடைசியிலிருந்தே சூடுபிடித்துவிடும். மியூசிக் அகாடமியின் இசை விழா வழக்கமாக டிசம்பர் 15-ல் தொடங்கி ஜனவரி 1-ல் சதஸ் என்னும் நிறைவு விழாவோடு முடியும். சங்கீத கலாநிதி விருது தருவது அன்றுதான். ஒரு நாள் விட்டு நாட்டிய விழா. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டிலிருந்து பிறந்தது அகாடமி, 1928-ல் தொடங்கியது. இன்று ஊர் முழுக்க எத்தனையோ சபாக்கள் இதே நாட்களில் விழா வைத்தாலும், நடந்தே சுற்ற முடிகிற அளவுக்கு நெருக்கமாக அவை அமைந்திருப்பது மயிலாப்பூரிலும் அதை ஒட்டிய ஆழ்வார்ப்பேட்டையிலும்தான்.

மூன்று வட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கோயில் வட்டம்: கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், கபாலி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா. லஸ் வட்டம்: ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஆர்கே கன்வென்ஷன் சென்டர், நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் பின்னால் லஸ் அவென்யூவில் ராகசுதா ஹால், லஸ் சர்ச் சாலையில் சிவகாமி பெத்தாச்சி அரங்கம், முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். பழைய ஆட்கள் அந்தச் சாலையை இன்னும் ஆலிவர் ரோடு என்றுதான் சொல்வார்கள். வழி கேட்கும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள். மூன்றாவது டி.டி.கே. சாலை வட்டம்: ஒரு முனையில் அகாடமி, அதே சாலையில் தெற்கே நாரத கான சபா.

ஒரு நாளைக்கு ஒரு வட்டம் போதும். மீறினால், மதியம் லஸ்ஸில் கேட்டுவிட்டு மாலை மாட வீதிக்குப் போவது நடந்தே முடியும். லஸ்ஸிலிருந்து அகாடமிக்கு ஆட்டோ பிடித்தால், இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையால் சாலைகள் ஒருவழியாகவும் மாற்றுவழியாகவும் கிடக்கும் இந்தக் காலத்தில், மாலை ஆறு மணிக்கு எவ்வளவு நேரமாகும் என்று ஓட்டுநராலும் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்தோ தூரத்திலிருந்தோ வருபவர்கள் வேளச்சேரி பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் லஸ் முனை பக்கத்திலேயே. கார் வேண்டவே வேண்டாம். சபாக்களில் நிறுத்த இடம் கிடைப்பது ஆறரை மணிக் கச்சேரிக்கு நாலரைக்கே வந்தவர்களுக்கு மட்டும்.

ஒரு நாளின் அமைப்பு

சபாக்காரர்களின் நாள் ஸ்லாட்டுகளாக வெட்டப்பட்டது. காலை எட்டு மணி வாக்கில் அகாடமியில் சொற்பொழிவு-விளக்கம். லெக்-டெம் என்றால் எல்லோருக்கும் புரியும். நண்பகலிலும் ஒன்றரை, ஒன்றே முக்கால் மணிக்கும் இளைஞர்கள் பாடுவார்கள். பெரும்பாலான சபாக்களில் இதற்கு டிக்கெட் கிடையாது. நாலு மணிக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள். ஆறரை ஏழு மணிக்கு மூத்தவர்கள், இரண்டரை மணி நேரம்.

இதில் பலரும் தொடாமல் விடுவது இலவச ஸ்லாட்டை. அது பெரிய இழப்பு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தன்னை நிரூபித்தாக வேண்டிய நிலையில் பாடுகிற இருபத்திரண்டு வயதுக் குரலில் இருக்கும் உழைப்பு, ஏழு மணி மேடையில் எல்லா நாளும் கிடைக்காது. கூட்டம் இல்லாததால் எந்த இருக்கையும் உங்களுடையது. அடுத்த நாளுக்கு இந்த ஸ்லாட்டில் யார் பாடுகிறார்கள் என்று பெயர் மட்டும் பார்க்காமல் பக்கவாத்தியத்தையும் பாருங்கள். பாடுபவர் புதியவராக இருந்து வயலினும் மிருதங்கமும் அனுபவசாலிகளாக இருந்தால் அந்தக் கச்சேரி பெரும்பாலும் சோடை போகாது.

நாளுக்கு இரண்டு கச்சேரி போதும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. மூன்றாவது கச்சேரியில் காது கேட்கும், மனம் கேட்காது. எந்த ராகம் வந்தாலும் முந்தைய ராகத்தின் வாசனை அடிக்கும். தொடர்ந்து மூன்று நாள் போனால் நாலாம் நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் முடிந்து ஒரு பாட்டுகூட நினைவில் நிற்கவில்லை என்று புலம்புபவர்கள் எல்லாம் ஐம்பது கச்சேரி கேட்டவர்கள்.

டிக்கெட்

சீசன் டிக்கெட் என்பது விழா முழுக்க ஒரே இருக்கை. பெரிய சபாக்களில் நல்ல வரிசைகள் உறுப்பினர்களுக்கும் பழைய ரசிகர்களுக்குமே போய்விடும். முதல் வருடக்காரருக்கு அது தேவையும் இல்லை. ஒரே சபாவில் தினமும் உட்கார வைத்துவிடும். தினசரி டிக்கெட் வாங்குங்கள். பல சபாக்கள் இணையத்தில் விற்கின்றன, சில இன்னும் கவுன்ட்டரில்தான். விலை சபாவையும் வரிசையையும் பொறுத்து நூறுகளில் தொடங்கி ஆயிரங்களைத் தொடும். மாலை நட்சத்திரக் கச்சேரிக்கு இணையத்தில் தீர்ந்துவிட்டது என்றால் மனம் தளர வேண்டாம். கவுன்ட்டருக்கு அன்றைக்கென்று கொஞ்சம் வைத்திருக்கும் சபாக்கள் உண்டு; முதல் நாளே ஆளிடம் கேட்டு, எத்தனை மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரிசையில் நில்லுங்கள். சில்லறையும் பணமும் கையில் இருக்கட்டும்.

இன்னொரு குழப்பம்: சபா வேறு, ஹால் வேறு. சொந்த அரங்கம் இல்லாத சபாக்கள் மற்ற அரங்கங்களை வாடகைக்கு எடுத்து விழா நடத்துகின்றன. டிக்கெட்டில் சபா பெயரைப் பார்த்து அந்தச் சபாவின் அலுவலகத்துக்குப் போய் நின்றவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. எந்த இடம் என்பதைத் தனியாகப் படியுங்கள்.

எங்கே உட்காருவது

முதல் வரிசை பெருமைக்கு நல்லது, காதுக்கு நல்லதல்ல. மேடை ஓரத்து ஸ்பீக்கர் நேராக உங்களை நோக்கி இருக்கும். பல ஹால்களில் ஒலியைத் தேவைக்கு மேல் ஏற்றிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பால்கனிக்கு அடியில் கடைசி வரிசைகளில் ஒலி அமுங்கி, தம்பூரா கேட்காமல் போகும். நடுப்பகுதியில், பால்கனியின் நிழல் தொடங்குவதற்கு முன் உள்ள வரிசைகள்தான் உத்தமம். பெரிய அரங்கில் பால்கனியின் முன்வரிசையும் மோசமில்லை, விலையும் குறைவு.

வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம், மிருதங்கம். நமக்கு வலப்பக்கம் வயலின். நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது முகத்தில், விரல் விழுவது அப்படியே தெரியும். வயலினில் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, எப்படி வழுக்கிப் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் வலப்பக்கம். மிருதங்கம் இடக்கைக்காரர் என்றால் இது தலைகீழாகும். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்தவர்தான்.

ஏசி காற்று எங்கே விழுகிறது என்று பார்த்து உட்காருங்கள். சென்னை டிசம்பரில் வெளியே குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குளிர் எல்லாம் ஹாலுக்குள்தான். சால்வை கட்டாயம். குடையும் வேண்டும், வடகிழக்குப் பருவமழை மாத நடுவில்கூட ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும். சலசலக்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம், துணிப்பை எடுத்துப் போங்கள். ராகத்தைப் பாட்டில்லாமல் விரிக்கும் ஆலாபனையின் கீழ் ஸ்தாயியில் பாடகர் நிற்கும்போது யாரோ ஒருவர் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுப்பது சீசனின் நிரந்தரப் பக்கவாத்தியம்.

எதைக் கேட்பது

இன்று மேடையில் கேட்கும் கச்சேரி அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) செப்பனிட்டது. முதலில் வர்ணம், குரலும் வாத்தியமும் சூடாக. பிறகு சின்னச் சின்னக் கீர்த்தனைகள், நடுவே சுருக்கமான ஆலாபனையோடு ஒரு சப்-மெயின், வேகமாக ஒரு பாட்டு, அதன்பின் மெயின், அதாவது மாலையின் மையப் பாட்டு. மெயினில் விரிவான ஆலாபனை, வயலினின் மறுமொழி, கீர்த்தனை, ஒரே வரியைத் திருப்பித் திருப்பி விரிக்கும் நிரவல், அங்கேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரம், கடைசியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அதற்குப் பின் துக்கடாக்கள் என்னும் சின்ன, இலகுவான பாட்டுகள், சௌராஷ்டிரத்தில் மங்களம். சில மாலைகளில், ஒரே ராகத்தையும் ஒரு வரிப் பல்லவியையும் நீளமாக விரிக்கும் ராகம் தானம் பல்லவியும் வரும். அப்போது மற்றவை சுருங்கும்.

ஆறரை மணிக் கச்சேரியில் மெயின் பெரும்பாலும் ஏழே முக்காலை ஒட்டித் தொடங்கும். "கொஞ்சம் லேட்டாகப் போனால் என்ன, மெயினுக்குப் போய்விடலாம்" என்று வருபவர்கள் இழப்பது பாடகர் அன்றைய சுருதிக்குள் குடியேறுகிற முதல் நாற்பது நிமிடத்தை. கச்சேரி எழும்பப் போகிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ராகம் தெரியாமல் ரசிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் தாளம் போடத் தெரிந்தால் ரசனை இரட்டிப்பாகும், கற்க ஒரு மாலை போதும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. நிதானமான பாட்டில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடுவார்கள், அது இரண்டு களை. மிஸ்ர சாபு ஏழு, மூன்றும் நாலுமாக. கண்ட சாபு ஐந்து, இரண்டும் மூன்றுமாக. எண்ணிக்கை பிடிபடவில்லை என்றால் கூச்சமே வேண்டாம், பாடகரின் தொடையைப் பாருங்கள். பாட்டு பல சமயம் தட்டிலேயே தொடங்காது, அரை இடமோ முக்கால் இடமோ தள்ளித் தொடங்கும். ஸ்வரம் பாடிவிட்டு அந்த இடத்தில் வந்து துல்லியமாக விழுவதற்குத்தான் ஹாலே "ஆஹா" என்கிறது. எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் அந்த இடம், எங்கே என்று பாட்டின் முதல் தாளச் சுற்றிலேயே குறித்துக்கொண்டால் அந்த "ஆஹா"வில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

ராகத்துக்கு எழுபத்திரண்டு மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு சீசனுக்கு ஐந்து ராகம் போதும். கல்யாணி, சங்கராபரணம் இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஸ்வர வித்தியாசம் மத்திமத்தில் மட்டும்தான். ஆனால் கேட்டால் இரண்டும் வெவ்வேறு ஊர். மோகனம் ஐந்தே ஸ்வரம், எளிதில் பிடிபடும். தோடியும் பைரவியும் கமகத்தில் வாழ்பவை, அவசரப்படாமல் கேளுங்கள். வீட்டில் ஒரு வாரம் ஒரே ராகத்தைப் பல பேர் பாடிக் கேட்டுவிட்டு வந்தால், மேடையில் ஆலாபனை தொடங்கிய அரை நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும். பக்கத்து மாமா உரக்கச் சொல்வதற்கு முன்னால் அடித்தால் இன்னும் சந்தோஷம்.

பாட்டு தெலுங்கிலோ சமஸ்கிருதத்திலோ இருந்து சொல் புரியவில்லை என்றால், பாட்டை இயற்றியவர் தன் அடையாளமாக வைக்கும் முத்திரையைப் பிடியுங்கள். சரணத்தில் "தியாகராஜ" என்று வந்தால் தியாகராஜர், "குருகுஹ" என்றால் தீட்சிதர், "சியாம கிருஷ்ண" என்றால் சியாமா சாஸ்திரி, "ராமதாச" என்று வரும் தமிழ்ப் பாட்டு என்றால் பெரும்பாலும் பாபநாசம் சிவன். முத்திரை வந்துவிட்டால் பாட்டு முடிவை நெருங்குகிறது என்றும் அர்த்தம். கபாலி கோயில் பக்கத்து கிரி டிரேடிங்கில் பாடல் புத்தகங்கள் கிடைக்கும். மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்பவர்கள் நிறைய. யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

தனி வரும்போது

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி ஹால் எழுந்து கேன்டீனுக்குப் போகும். இது அழகில்லை என்பது ஒருபுறம் இருக்க, போகிறவர்கள் மாலையின் மிகக் கூர்மையான பத்து இருபது நிமிடத்தை இழக்கிறார்கள். கேட்கும் வழி எளிது: தாளத்தை விடாமல் போடுங்கள். மிருதங்கம் ஒரு சுற்று, கடமோ கஞ்சிராவோ ஒரு சுற்று, பிறகு சுற்றுகள் சுருங்கிக்கொண்டே வரும், இருவரும் சேர்வார்கள், கடைசியில் கோர்வை என்னும் கணக்கிட்ட முடிப்பு. அதை மூன்று முறை வாசிப்பார்கள். முதல் முறை உருவத்தைக் கவனியுங்கள், இரண்டாவதில் எண்ணுங்கள், மூன்றாவதில் கையை நிறுத்திவிட்டு அது எடுப்பில் போய் விழுவதை மட்டும் கேளுங்கள்.

எழுந்தே ஆக வேண்டுமானால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்துவிடுங்கள். ஆலாபனையிலும் தனியிலும் எழாதீர்கள். தாளம் தொடையில் மெல்ல. முன் இருக்கையின் முதுகில் அல்ல. போன் அணைந்திருக்கட்டும், படம்பிடிப்பதைப் பல சபாக்கள் தடுக்கின்றன. விருப்பப் பாட்டுக்குத் துண்டுச்சீட்டு அனுப்பலாம், ஆனால் துக்கடா நேரத்தில், ஒரே பாட்டு, கையெழுத்து புரியும்படி. மெயினாக இந்த ராகம் பாடுங்கள் என்று சீட்டு அனுப்புவது சமையல்காரர் குழம்பை இறக்கும்போது சாம்பார் கேட்பது போல.

நாட்டியத்துக்கு விதி வேறு

பரதநாட்டியம் பார்க்க நாலாவது வரிசையிலிருந்து எட்டாவது வரிசை வரை, நடுவில். இன்னும் முன்னால் போனால் மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும்; அடவின், அதாவது அடிப்படை ஆட்ட அசைவின், பாதி போயிற்று. இன்னும் பின்னால் போனால் கண்ணும் புருவமும் தெரியாமல் பதமும் அபிநயமும் வீண். மார்க்கம் என்னும் நிகழ்ச்சி வரிசையின் நெஞ்சு வர்ணம், அரை மணி நேரத்துக்கு மேல் போகும். அதில் தாளச் சொற்கட்டுக்கு ஆடும் ஜதியும் பாவம் காட்டும் அபிநயமும் மாறி மாறி வரும். ஜதியில் பாதத்தைப் பாருங்கள், சாகித்தியத்தில், அதாவது பாட்டின் சொல்லில், முகத்தை. ஒரே வரியை நாலைந்து விதமாக விரிக்கும்போது "திரும்பத் திரும்ப அதே வரி" என்று சலிப்பவர்கள் மேடையைப் பார்த்தும் பார்க்காதவர்கள். சஞ்சாரி என்பதே அந்த விரிவுதான். தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கக்காரர் மேடை ஓரம் உட்கார்ந்திருப்பார். நடனக்காரரின் மூச்சு எங்கே திணறுகிறது என்று அவருடைய பார்வையைப் பின்தொடர்ந்தால் தெரியும்.

வயிறு

கேன்டீன் இல்லாமல் சீசன் இல்லை; பாட்டு கேட்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருபவர்களை யாரும் குறை சொல்வதும் இல்லை. எந்தச் சமையல்காரர் எந்தச் சபாவில் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், டிசம்பர் முதல் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடுங்கள், ஒரு மணிக்கு வரிசை வாசலுக்கு வந்திருக்கும். மாலையில் நாலு மணிக் கச்சேரி முடிந்தும் ஆறரை தொடங்குவதற்கு முன்னும் உள்ள இடைவெளியில் கேன்டீன் திருவிழா. அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்பே, துக்கடா தொடங்கும்போது வெளியே வருபவர்களுக்குத்தான் சூடான கீரை வடை.

மெயினுக்கு முன் முழு இலைச் சாப்பாடு மட்டும் வேண்டாம். நிதானமான தோடி ஆலாபனை, மேலே ஏசி, உள்ளே அசோகா அல்வா. தூக்கத்தைத் தியாகராஜராலும் தடுக்க முடியாது.

சபாவுக்கு வெளியே

விடியலில் மாட வீதிகளுக்கு ஒருநாளாவது போங்கள். பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனை அவருக்குப் பின்னும் அந்த வீதிகளைச் சுற்றி வருகிறது. டிக்கெட், மைக், இருக்கை எதுவும் கிடையாது. கூடவே நடந்தால் போதும். வாசல் கோலங்களை மிதிக்காமல் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆருத்ரா தரிசனத்தன்றும் ஜனவரி முதல் தேதி காலையிலும் கோயில் வட்டத்தில் கச்சேரி வைத்துக்கொள்ளாதீர்கள். சன்னிதித் தெருவைக் கடக்கவே அரை மணி ஆகும். அந்த நாட்களுக்கு லஸ் வட்டம் நல்லது.

ஜனவரி நடுவில் சபாக்கள் ஓய்ந்ததும் பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் சென்னை சங்கமம் கலைவிழா. பறை, கரகாட்டம், ஒயிலாட்டம் எல்லாம் திறந்தவெளியில், இலவசமாக. சால்வையை வீட்டில் வைத்துவிட்டு, தரையில் விரிக்க ஒரு துண்டு எடுத்துப் போங்கள். பறைக்கு மிக அருகே உட்கார வேண்டாம். முக்கியமாகக் குழந்தைகளோடு போனால் ஏழெட்டு மீட்டராவது தள்ளி, ஆட்டக்காரர்கள் திரும்பும் பக்கமாகப் பார்த்து இடம் பிடியுங்கள்.